நான்கு சுற்று

தலைமையாசிரியன் ஒருவன் மண்வாரி இயந்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தது ஏன் என்று இத்தொகுப்பைப் புரட்டும் ஆசிரிய நண்பர்கள் வியக்கக்கூடும். குறுந்தொகையைப் பற்றியோ, குற்றியலுகரத்தைப் பற்றியோ எழுதியிருந்தால் என் பதவிக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆயினும், 1990களின் தொடக்கத்தில் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த நாள்முதல் நான் கற்றவற்றுள் மறக்க இயலாத ஒரு பாடம், எண்ணெய்க் கறை படிந்த ஓர் இயந்திரத்தின் அருகில், ஒரு சனிக்கிழமை நண்பகலில், என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. அதை உள்ளபடி எழுதிவிடுவதே நேர்மை என்று கருதுகிறேன்.

எங்கள் பள்ளி பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது பால்மரத் தோட்டம். திடலின் கீழ்ப்புறம் உள்ள மண்கால்வாய் தூர்ந்துபோனதால், மழைக்காலத்தில் முதலாம் ஆண்டு வகுப்பறைக்குள் கணுக்கால் அளவு நீர் புகுந்துவிடும். 2019ஆம் ஆண்டு நவம்பரில், ஆண்டிறுதி விடுமுறையின் முதல் சனிக்கிழமையன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் கோத்தோங்-ரோயோங் ஏற்பாடு செய்தனர். மண்வெட்டிகளால் முடிகிற வேலையன்று அது. சங்கத் தலைவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் மஞ்சள்நிற பேக்கோ இயந்திரம் ஒன்றை ஓட்டிக்கொண்டு வாயிலுக்குள் நுழைந்து, கீழே இறங்கி, "என்னைத் தெரியுதா சார்?" என்றார்.

தெரிந்தது. 1998இல் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் படித்தவர். அப்பொழுது நான் இதே பள்ளியில் இளம் ஆசிரியன். சன்னலோரம், கடைசி மேசை. அவ்வளவுதான் உடனே நினைவுக்கு வந்தது. மற்றவை பிறகு வந்தன.

பேக்கோவைப் பார்க்காதவர் இல்லை. முன்னால் மண்ணை அள்ளும் அகன்ற தொட்டி, பின்னால் தோண்டும் கை, நடுவில் டிராக்டர் போன்ற உடல். இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945இல் சிறு கொட்டகையில் தொடங்கிய தொழில், 1953இல் இவ்வகை இயந்திரத்தைச் செய்து விற்றது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளே இன்று பல நாடுகளில் இயந்திரத்தின் பெயராகிவிட்டன. என் மாணவருடையது வேறொரு நிறுவனத்தின் இயந்திரம். மூன்றாம் கை மாறி வந்தது. கடன் வாங்கி வாங்கியது என்றும், மாதத் தவணை இன்னும் இரண்டு ஆண்டுக்கு இருக்கிறதென்றும் தேநீர் அருந்தும்போது சொன்னார். திங்கட்கிழமை முதல் செம்பனை மறுநடவுக் குத்தகையாளர் ஒருவரிடம் இரண்டு மாத வேலை உறுதியாகியிருந்தது. அதற்கு முந்திய நாள்களைப் பள்ளிக்கு இலவசமாகக் கொடுத்தார்.

காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. பத்தரை மணி வரையில் யாதொரு குறையும் இல்லை. பதினொரு மணியளவில் இயந்திரம் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கிற்று. அவர் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டே வந்தார். சரிவில் இறங்கும்போது, கை திருப்பிய அளவுக்கு முன்சக்கரங்கள் திரும்பவில்லை. பாலர் பள்ளியின் வேலி இரண்டு கம்பங்களோடு சாய்ந்தது. வேலிக்கு அப்பால் ஊஞ்சல். விடுமுறையாதலால் அங்குக் குழந்தைகள் இல்லை. அவர் முன்தொட்டியைத் தரையில் அழுத்தி இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி வந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கை நடுங்கியது. என் கையும்தான்.

"போன மாசமே ஆரம்பிச்சிருச்சு சார். டவுன்ல ஒரு பட்டறையில காட்டினேன். பம்பு போச்சுன்னு மாத்தினாங்க. நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி. மறுநாளே பழையபடிதான்."

சோதித்துப் பார்த்தா மாற்றினார்கள் என்று கேட்டேன். ஸ்டீயரிங் கெட்டால் பம்புதான் என்று சொல்லிவிட்டார்களாம். இவரும் நம்பிவிட்டார். "இந்தத் தடவை நானே பாக்கறேன் சார். ஒன்னொன்னா" என்றார்.

அந்த 'ஒன்னொன்னா' எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்குமுன் இயந்திரத்தின் உள்ளமைப்பு புரிதல் வேண்டும்.

நம் காரில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டின் தொடர்பு உண்டு. இவ்வியந்திரத்தில் அது கிடையாது. ஓட்டுநரின் கைக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே இருப்பது எண்ணெய் மட்டுமே. ஸ்டீயரிங்கின் தண்டுக்கு அடியில் இரு கைகளால் பிடிக்கக்கூடிய ஓர் உலோகப் பெட்டி உண்டு. பட்டறைக்காரர்கள் அதை 'ஆர்பிட்ரால்' என்கிறார்கள். அதனுள் ஏழு பள்ளங்கள் உள்ள வளையத்துக்குள் ஆறு பற்கள் உள்ள சக்கரம் உருண்டு சுழல்கிறது. கை திருப்பிய அளவுக்குச் சரியாக எண்ணெயை அளந்து அனுப்புவது அதன் வேலை. படி அளப்பவர் நெல் அளப்பது போல. அளந்த எண்ணெய் இரு குழாய்களுள் ஒன்றின் வழியே முன் அச்சில் உள்ள சிலிண்டருக்குச் செல்கிறது. சிலிண்டரின் நடுவே பிஸ்டன். எண்ணெய் இடப்பக்கம் புகுந்தால் பிஸ்டன் வலப்பக்கம் நகரும்; வலப்பக்கம் இருந்த எண்ணெய் மற்றொரு குழாயின் வழியே திரும்பிவிடும். பிஸ்டனோடு சக்கரங்கள் திரும்பும். அழுத்தத்தைக் கொடுப்பது பம்பு. பம்பிலிருந்து வரும் எண்ணெய் முதலில் ஸ்டீயரிங்குக்குச் செல்ல வேண்டும், மிச்சமே கைகளுக்கும் தொட்டிக்கும் என்று பங்கிடும் வால்வு ஒன்றும் இடையில் உண்டு. பந்தியில் முதலில் யாருக்குப் பரிமாறுவது என்பதை அது அறியும். எஞ்சின் நின்றுவிட்டால், அந்த ஆறு பல் சக்கரமே கைப்பம்பாக மாறி, கனமாக இருந்தாலும் திருப்ப உதவும்.

பாஸ்கல் கண்ட விதியைத்தான் நாம் அறிவியல் பாடத்தில் சொல்கிறோம்: அடைபட்ட நீர்மத்தின்மேல் செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஜோசப் பிராமா 1795இல் காப்புரிமை பெற்ற அழுத்து இயந்திரம் அவ்விதியைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. அதில் பயன்பட்டது நீர். இன்று எண்ணெய் ஓடும் பொறியையும் நாம் 'நீரியல்' என்று எழுதுவது அந்தப் பழைய உறவால்தான். நான் இதைச் சொன்னபோது என் மாணவர் பணிவாகக் கேட்டுவிட்டு, "பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க சார்" என்றார்.

முதலில் எண்ணெயின் அளவைப் பார்த்தார். குறையவில்லை. நிறத்தைப் பார்த்தார். நீர் கலந்தால் பால்போல் வெளுக்கும். காற்றுக் கலந்தால் நுரைக்கும். இரண்டும் இல்லை. டயரில் காற்றுச் சரியாக இருந்தது. சக்கரம் திரும்பும் முளைகளுக்குக் கிரீஸ் இருந்தது. குழாய்களைப் பார்க்கும்போது கையால் தடவாமல், ஒரு நீண்ட அட்டைத்துண்டைக் குழாயோரம் நகர்த்திப் பார்த்தார். எண்ணெயின் அழுத்தம் கார் டயரின் அழுத்தத்தைப்போல் எழுபது மடங்கு வரை இருக்கும். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வலி பெரிதாகத் தெரியாது, உடனே அறுவை செய்யாவிட்டால் விரலே போய்விடும் என்றார். அட்டையில் கறை படியவில்லை. வெளியே ஒழுக்கு இல்லை.

பிறகு எஞ்சினை ஓடவிட்டுத் தொட்டியைத் தூக்கினார். விரைவாக ஏறிற்று. "பம்பு கெட்டிருந்தா இது தள்ளாடும் சார்" என்றார். பிறகு ஒரு நீண்ட திருப்புளியின் நுனியைப் பம்பின் உடலில் ஊன்றி, பிடியைத் தம் வலக் காதில் வைத்துக் கேட்டார். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல் இருந்தது.

நான் அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். "என்ன கேட்கிறது?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. எஞ்சின் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை என் குரல் உயர்ந்தது. அந்தக் குரலை நான் அறிவேன். வகுப்பறையில் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பயன்படுத்திய குரல் அது.

அவர் உடலோடு திரும்பினார். "இந்தப் பக்கம் வாங்க சார். எனக்கு இடது காது கேக்காது."

"எப்போதிலிருந்து?"

"சின்ன வயசிலேர்ந்து. சீழ் வடியும். அப்புறம் கேக்கவே இல்ல."

"என் வகுப்பில் இருந்தபோதும்?"

"அப்பவும்தான்."

"ஏன் சொல்லவில்லை?"

"எல்லாருக்கும் ஒரு பக்கந்தான் கேக்கும்னு நெனச்சிருந்தேன் சார்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மீண்டும் திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டார்.

எங்கள் பழைய வகுப்பறையில் சன்னல் மாணவரின் வலப்பக்கம் இருந்தது. கவனமில்லாதவர்கள் என்று நான் முடிவு செய்தவர்களை அந்தச் சன்னலோரக் கடைசி மேசைக்கு அனுப்புவது என் வழக்கம். அங்கே அமர்ந்தால் கரும்பலகையும் ஆசிரியரும் இடப்பக்கம் இருப்பார்கள். கேட்கும் காது சன்னலுக்கு. கேட்காத காது எனக்கு. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாததற்காக அவரைப் பிரம்பால் அடித்திருக்கிறேன். ஒருமுறையன்று. ஆண்டிறுதி அறிக்கையில் 'கவனக்குறைவு மிகுதி' என்று எழுதியதும் என் கைதான். அவருடைய தந்தை அதில் கைநாட்டு வைத்து அனுப்பினார்.

இவ்வளவும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கையில் அவர் தம் வேலையில் இருந்தார். பம்பு உறுமவில்லை, காற்றை உறிஞ்சும் பம்பு உறுமுமாம். "பம்பு நல்லாருக்கு. பழைய பம்பும் நல்ல பம்பாத்தான் இருந்திருக்கணும்" என்றார். நாலாயிரம் வெள்ளியை அவர் அதற்குமேல் பேசவில்லை.

அடுத்து எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. வெண்பலகை வந்தபின்னும் சட்டைப்பையில் ஒரு சுண்ணக்கட்டியை வைத்திருக்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அதைக்கொண்டு ஸ்டீயரிங்கின் விளிம்பில் ஒரு கோடு போடச் சொன்னார். முன்சக்கரங்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது நான்கு சுற்று என்பது அவருக்குப் பழக்கத்தால் தெரியும். இப்பொழுது சூட்டில் ஐந்தரை ஆயிற்று. அது மட்டுமன்று. சக்கரங்கள் கோடியில் முட்டி நின்ற பிறகும் ஸ்டீயரிங் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. உணவு வேளை முடிந்து சூடு தணிந்தபின் எண்ணியபோது நான்கே முக்கால். சூட்டில் எண்ணெய் இளகும். இளகிய எண்ணெய் சிறு இடுக்கிலும் நழுவும். ஆகவே எங்கோ உள்ளே இடுக்கு இருக்கிறது.

அவர் தர்க்கத்தை நான் அப்படியே சொல்கிறேன். ஸ்டீயரிங் கனத்தால் எண்ணெய் வந்து சேரவில்லை என்று பொருள். பங்கிடும் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே கனக்கவில்லை, நழுவுகிறது. அப்படியானால் எண்ணெய் வந்து சேர்கிறது, சேர்ந்தபின் வழி தவறுகிறது. வெளியே ஒழுகவில்லை; உள்ளேதான் ஒழுக்கு. உள்ளே ஒழுக இடம் இரண்டுதான். ஒன்று ஆர்பிட்ரால், மற்றொன்று சிலிண்டர்.

"ஆர்பிட்ராலாத்தான் இருக்கும்னு மனசு சொல்லுது சார். ஆனா மனசு சொல்றதுக்குக் காசு கொடுக்க முடியாது" என்றார். புதியது வாங்கினால் பம்பு அளவுக்குச் செலவாகுமாம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கும் சோதனை மிக எளியது. தொட்டியையும் கையையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் அசைத்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றினார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். சிலிண்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் கழற்றி, அவற்றின் வாயை எஃகு அடைப்பான்களால் திருகி மூடினார். துணியோ மரமோ அந்த அழுத்தத்தைத் தாங்காது. பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினார். இப்பொழுது எண்ணெய் போக இடமில்லை. ஆர்பிட்ராலின் உள்ளே தேய்மானம் இருந்தால் ஸ்டீயரிங் முன்போலவே நழுவிச் சுற்றும். இல்லையேல் கல்போல் நிற்கும்.

கல்போல் நின்றது.

மனம் சொன்னது தவறு. குற்றம் சிலிண்டரில். அவர் முகத்தில் அப்பொழுது வந்த மலர்ச்சியை, கணக்குக்கு விடை சரியாக வந்த பிள்ளைகளின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அவருடைய முகத்தில் நான் அதைப் பார்த்தது அன்றுதான்.

பிற்பகலில் முன்தொட்டியைத் தரையில் அழுத்தி முன்சக்கரங்களை உயர்த்தினார். உயர்ந்தவுடன் அச்சுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்கினார். எண்ணெய் தூக்கிப் பிடித்திருப்பதை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. உதவிக்கு வந்த பெற்றோர் ஒருவரை அதற்காகக் கடிந்துகொண்டார். இருபக்க இணைப்புக் கம்பிகளைக் கழற்றிச் சிலிண்டரை எடுத்து, சிற்றுண்டிச்சாலை மேசையில் பழைய நாளிதழைப் பரப்பிப் பிரித்தார். பிஸ்டனைச் சுற்றியிருந்த சீல் வளையம் ஒரு பக்கம் சப்பையாகி, விரல் நகம் அளவுக்குப் பிய்ந்திருந்தது. அந்தப் பிளவின் வழியாகத்தான் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நழுவியிருக்கிறது.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. சீல் ஏன் பிய்ந்தது என்று பார்த்தார். தண்டு வெளியே வரும் வாயில், புழுதியைத் துடைக்கும் ஓர் உதட்டு வளையம் உண்டு. அது கிழிந்திருந்தது. மண்ணில் உழலும் இயந்திரமாதலால் தண்டில் ஒட்டிய மணல் அவ்வழியே உள்ளே புகுந்து சீலை அறுத்திருக்கிறது. பிஸ்டன் சீலை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் மீண்டும் இதே கதைதான். நல்ல வேளையாகத் தண்டிலும் சிலிண்டரின் உட்சுவரிலும் நகம் சிக்கும்படியான கீறல் இல்லை.

பழைய வளையங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனார். கடை அடைக்கும் நேரம். தவுக்கே அளவுகோலால் அளந்து எல்லா வளையங்களையும் எடுத்துக் கொடுத்தாராம். நூறு வெள்ளிகூட ஆகவில்லை. வடிகட்டிக்கும் எண்ணெய்க்கும் தனியே செலவு.

மறுநாள் ஞாயிறு காலை மீண்டும் கூடினோம். பிஸ்டனின் வெளி வளையம் கடினமான வெண்ணிறப் பொருள், கையால் விரியாது. சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் தேநீருக்கு வைத்திருந்த சுடுநீரைக் கேட்டு வாங்கி, அதில் வளையத்தைச் சிறிது நேரம் போட்டு இளக்கி, விரித்து மாட்டி, ஆறும்வரை இறுக்கிப் பிடித்தார். "டீத்தண்ணியில இதையா போடுற?" என்று அக்கா சண்டைக்கு வந்தது தனிக்கதை. டீசலால் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்து, புதிய எண்ணெய் தடவி எல்லாவற்றையும் பூட்டினார். பிறகு எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, கோடியிலிருந்து கோடிக்கு நிதானமாகப் பத்து முறை திருப்பினார். சிக்கியிருந்த காற்று வெளியேறி, தொட்டியில் எண்ணெய் நுரைத்து, பின்பு அடங்கிற்று. குறைந்த அளவுக்கு எண்ணெய் ஊற்றினார்.

கால்வாய் வேலை நண்பகலுக்குள் முடிந்தது. இயந்திரம் நன்கு சூடேறிய நேரம் பார்த்து எண்ணச் சொன்னார். சுண்ணக்கோடு மழுங்கியிருந்தது, புதிதாகப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கோடியில் முட்டி நின்றது. அவர் பலங்கொண்டு திருப்பியும் அசையவில்லை. வேலியையும் அவரே நிமிர்த்திக் கொடுத்தார்.

புறப்படும்போது நான் அவருடைய வலப்பக்கம் போய் நின்றேன். 1998இல் செய்ததற்கு வருந்துகிறேன் என்று சொன்னேன். மேடைகளில் தங்குதடையின்றிப் பேசும் எனக்கு அந்த ஒரு வாக்கியம் எளிதாக வரவில்லை. அவர் சங்கடப்பட்டார். "அதெல்லாம் என்னா சார், நீங்க அடிச்சது எனக்கு மட்டுமா?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

2020 சனவரியில் பள்ளி திறந்ததும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, பின்னால் நின்று, ஒரு காதைப் பொத்தச் சொல்லி மறு காதுக்கு மெல்லிய குரலில் எண்களைச் சொன்னேன். திருப்பிச் சொல்ல வேண்டும். விளையாட்டென்று நினைத்துப் பிள்ளைகள் மகிழ்ந்தனர். ஒரு சிறுமி இரண்டு எண்ணுக்கும் வாய் திறக்கவில்லை. மறுகாதுக்குச் சொன்னபோது உடனே சொன்னாள். அவளுடைய தாயாரை வரவழைத்துச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். மேசையை மாற்றினோம்.

மறுநடவு வேலை முடிவதற்குள் அவரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. காட்டுக்குள்ளிருந்து பேசினார், எஞ்சின் சத்தம் கேட்டது. நலம் கேட்பார் என்று நினைத்தேன்.

"நாலு சுத்து, சார்" என்றார். "இப்பத்தான் எண்ணினேன்."